பிடி என்றேன், விட்டுவிட்டாள்

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பின்புறம், புதுக் கட்டடத்துக்கென்று வேலி போட்டு வைத்திருக்கும் காலி மைதானத்தில். எழுத உட்கார்ந்த இந்த நிமிஷம்கூட எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நீ வாயைத் திறந்தா அடுத்த வீட்டு குக்கர்கூட விசிலடிக்க யோசிக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு இங்கே ஒரு மெஷின் ஷாப்பில் வேலை கிடைத்ததால்தான் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஓசூருக்கு வந்து சேர்ந்தோம். அப்போது வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்குப் போகும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, முனைகளில் கனெக்டர் மாட்டி அனுப்புவோம். கேன்டீன் மேசையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் கன்னடம், எதிரே இந்தி. சாம்பார் வாளி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் மூன்று பாஷை பேசிவிடுவார்கள். நான் மட்டும் தமிழைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சொல்லித் தருகிறேன் என்று வந்தவர்களிடமும், "தமிழ்நாட்டுல இருந்துட்டு நான் எதுக்கு இன்னொரு பாஷை படிக்கணும்? வேணும்னா நீங்க என் தமிழைப் படிங்க" என்று வீம்பு பேசினேன். என் தமிழ் அவர்களுக்குப் பாதி புரியாது. "அக்கா, கொஞ்சம் தமிழ்ல பேசுங்க" என்று கிண்டல் செய்வார்கள். அதற்கும் கோபம் வரும்.

அந்த வருடம் கம்பெனிக்குப் புது ஆர்டர் ஒன்று வந்தது. ஆள் இல்லாமல் பறக்கும் சின்ன விமானங்களுக்கு வயர் செய்யும் வேலை. அதற்கென்று புது லைன் போடப் போகிறார்கள், நல்ல கைகளைத் தேடுகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எப்படித் தேர்ந்தெடுப்பது? மேலே இருக்கும் யாரோ ஒருவருக்கு யோசனை வந்தது. ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்தைப் பிரித்துப் போட்ட பாகங்களாக, ஒரு செக்ஷனுக்கு ஒரு பெட்டி கொடுப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வாரத்தில் பூட்ட வேண்டும், கடைசி நாள் மைதானத்தில் பறக்கவிட வேண்டும். நன்றாகப் பறக்கும் விமானத்தைப் பூட்டியவர்களுக்குப் புது லைனில் இடம்.

எங்கள் செக்ஷனிலிருந்து என்னையும், என் பக்கத்து மேசையில் இருந்தவளையும் போட்டார்கள். நான் ஏற்கெனவே நிரந்தரம். எனக்கு இது ஒரு மாறுதல், அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. எட்டு வருடமாகக் கான்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை கார்டைப் புதுப்பிப்பார்கள். புது லைனுக்குப் போகிற கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குவோம் என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தார்கள். அவள் அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது எடுத்துப் பார்ப்பாள்.

அவள் தளி பக்கத்துக் கிராமத்துக்காரி. வீட்டில் பேசுவது கன்னடம், வெளியே தமிழும் தெலுங்கும். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். நான் எங்கள் ஊர் வழக்கத்தில் "ஏட்டி" என்பேன். முதலில் முகம் சுளித்தாள், பிறகு பழகிவிட்டது. அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் ஒரு வயர் தப்பாகப் போனால் யார் செய்தது என்று சட்டென்று தெரியாது. எல்லாரும் கமுக்கமாக இருந்துவிடுவோம். இவள் மட்டும் தன் தப்புப் பீஸைத் தானே எடுத்து, சிவப்பு அட்டை கட்டி, "இது நான் பண்ணது" என்று கொண்டுபோய்க் கொடுப்பாள். பிழைக்கத் தெரியாதவள் என்று நாங்கள் சிரிப்போம்.

பெட்டியைப் பிரித்தோம். நுரைப் பலகையில் செய்த உடம்பு இரண்டு பாதியாக இருந்தது. இறக்கை, வால், மூக்கில் மாட்டும் மோட்டார், அதற்கு ஒரு விசிறி, இறக்கையின் பின் ஓரப் பட்டைகளையும் வாலையும் ஆட்டும் சின்னச் சின்ன மோட்டார்கள், பேட்டரி, ரிமோட். கூடவே ஒரு தாள். ஏதோ பாஷையிலிருந்து இங்கிலீஷுக்கு யாரோ தூக்கத்தில் மாற்றியிருந்தார்கள். "இறக்கையைச் சந்தோஷமாக நுழைக்கவும்" என்று ஒரு வரி. "நீ வந்து சந்தோஷமா நுழைச்சுக் காட்டுலே!" என்று அந்தத் தாளைப் பார்த்துக் கத்தினேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள்.

முதல் நாளே நான் ஒரு கூத்து செய்தேன். உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்ட, சட்டென்று பிடிக்கும் பசையை எடுத்துத் தாராளமாகப் பூசினேன். அது நுரையைத் தின்றுவிட்டது. கண் முன்னாலேயே குழி குழியாகக் கரைகிறது. "எவன்டா இந்தப் பசையை இங்க வச்சது?" என்று குதித்தேன். வைத்தது நான்தான். அவள் பார்சல் வந்த பெட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டை வெட்டி, ஐஸ்க்ரீம் குச்சியை உள்ளே எலும்பு மாதிரிக் கொடுத்து, வெள்ளைப் பசையில் ஒட்டி, மேலே டேப் சுற்றினாள். மறுநாள் தொட்டுப் பார்த்தால் மற்ற இடத்தைவிட அந்த இடம்தான் கெட்டியாக இருந்தது.

வயர் மாட்டுவதற்கு எங்கள் லைனில் ஒரு முறை உண்டு. தள்ளு, டிக், இழு. கனெக்டரைத் தள்ள வேண்டும், டிக் என்று சத்தம் வர வேண்டும், பிறகு ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால்தான் மாட்டியதாக அர்த்தம். நான் அவசரத்தில் டிக்கோடு விட்டுவிடுவேன். அவள் ஒவ்வொன்றையும் இழுத்தாள். அப்படி இழுத்ததில், பெட்டியை அனுப்பியவர்களே மாட்டி அனுப்பிய ஒரு வயர் கையோடு வந்துவிட்டது. அது வால் மோட்டாருக்குப் போகிற வயர். வானத்தில் கழன்றிருந்தால் விமானம் நேரே தரைக்குத்தான். பிறகு ரிமோட்டை வலது பக்கம் தள்ளிப் பார்த்தபோது, "அக்கா, வலது பக்கம் சாயணும்னா வலது பட்டை மேல போவணும். இது கீழ போவுது, தலைகீழா வேலை செய்யுது" என்று கண்டுபிடித்துச் சரி செய்ததும் அவள்தான். உண்மையைச் சொன்னால் அந்த விமானத்தில் முக்கால்வாசி அவள் கை. நான் தாளைப் படித்தேன், திட்டினேன், டீ வாங்கி வந்தேன்.

பறக்கவிடும் நாள் வந்தது. மைதானத்தின் ஓரத்தில் ஷாமியானா போட்டு, மேசை விரித்து, மேலதிகாரிகளும் ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ரிமோட் என் கையில். விமானத்தைத் தூக்கிப் பிடித்து எறிவது அவள். சக்கரம் இல்லாத விமானம், கையால்தான் எறிய வேண்டும். நாங்கள் பேசி வைத்திருந்தது இதுதான்: மோட்டார் முழு வேகத்துக்கு வந்ததும் நான் ஒன்று, இரண்டு எண்ணி "விடு" என்பேன், அவள் எறிவாள்.

எங்கள் முறைக்கு முன் பேட்டரியை மாட்டினோம். பேட்டரி இறக்கைக்கு அடியில் இருக்கும். அதனால் இறக்கையைக் கழற்றி, பேட்டரியை வைத்து, மறுபடியும் இரண்டு பிளாஸ்டிக் திருகால் முறுக்க வேண்டும். அதை நான் செய்தேன். ஒரு திருகைப் போட்டேன். அதற்குள் செக்ஷன் இன்சார்ஜ், "என்னம்மா, ஊறுகாயா போடறீங்க? சீக்கிரம், சீக்கிரம்!" என்று மைக்கிலேயே கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. விமானத்தை அவள் கையில் திணித்துவிட்டு ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

மோட்டார் வேகத்தை ஏற்றினேன். அந்தச் சின்ன விசிறிக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "ஒண்ணு" என்று கத்தினேன். அப்போது பார்த்தேன், இடது பக்க இறக்கை டகடகவென்று துள்ளுகிறது. "பிடி! பிடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் எறிந்துவிட்டாள்.

நன்றாகத்தான் எறிந்தாள். தென்னை மர உயரத்துக்கு அழகாக ஏறியது. அங்கே இறக்கை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு கழன்று தனியாகப் போனது. உடம்பு மட்டும் மோட்டார் ஓட ஓட மூக்கைக் கீழே குத்திக்கொண்டு ஷாமியானாவுக்குள் பாய்ந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன, டீக் கோப்பைகள் உடைந்தன, கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் மேசைக்கு அடியில் புகுந்தார்கள். யாருக்கும் அடி படவில்லை. அது ஆண்டவன் செயல்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? அத்தனை பேர் முன்னால் அவளிடம் ஓடினேன். "உனக்கு அறிவு இருக்காட்டி? பிடி பிடின்னு தொண்டை கிழியக் கத்துதேன், நீ பாட்டுக்கு விடுதியே! காது என்ன அடைச்சா போச்சு?"

அவள் முகம் வெளுத்திருந்தது. "நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றாள்.

"நான் பிடின்னுல்லா சொன்னேன்! பொய் சொல்லாத!"

"இல்லக்கா, நீங்க..."

"பொய் சொல்லாதங்கேன்!"

அவ்வளவுதான். அவள் குனிந்து, மைதானத்தில் கிடந்த இறக்கையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று மாலை கம்பெனி யூனிபார்ம் கோட்டைக் கழற்றி மாட்டும்போது பாக்கெட்டில் ஏதோ உறுத்தியது. கையை விட்டால் அந்த இரண்டாவது திருகு. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு என் மனசு என்ன சொன்னது தெரியுமா? "திருகு இல்லாட்டி என்ன? நான் பிடின்னு சொன்னதுக்கு அவ பிடிச்சிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதே!" கோபத்தில் இருக்கிறவளுக்கு நியாயம் கண்டுபிடிக்கவா தெரியாது? திருகைக் கழிவுத் தொட்டியில் போட்டேன்.

எங்கள் கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும் ஏன்-ஏன் தாள் என்று ஒன்று எழுத வேண்டும். ஐந்து கட்டங்கள் இருக்கும். ஏன் நடந்தது என்று எழுத வேண்டும், அந்தப் பதிலுக்கு மறுபடி ஏன், அதற்கும் ஏன், இப்படி ஐந்து தடவை தோண்டிக்கொண்டே போனால் ஆணிவேர் வரும் என்பார்கள். இன்சார்ஜ் அந்தத் தாளை என்னிடம் கொடுத்து, "ரொம்ப இழுக்காதீங்கம்மா. ஆபரேட்டர் சொன்னதைக் கேக்கல. ஒரே ஏன்ல முடிச்சிடுங்க" என்றார். நானும் முதல் கட்டத்தில் அதை எழுதினேன். மற்ற நாலு கட்டத்திலும் கோடு போட்டேன். அவள் கீழே கையெழுத்துப் போட வேண்டும். தாளைப் படித்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தப்புச் செய்தவள் கெஞ்சுகிறாள் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

மாதக் கடைசியில் அவள் கார்டு கேட்டில் வேலை செய்யவில்லை. 'பிரேக்' கொடுத்துவிட்டார்கள். கான்ட்ராக்ட்காரர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு இங்கே அப்படித்தான் பெயர். புது லைன் பட்டியல் வந்தது. விமானம் விழுந்தும்கூட அதில் என் பெயர் இருந்தது. "நீங்க பர்மனென்ட், தாளும் க்ளீனா எழுதினீங்க" என்றார் இன்சார்ஜ். எனக்கு உள்ளே ஏதோ குத்தியது. ஆனாலும் இனிப்பு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

இரண்டு வாரம் போயிருக்கும். எனக்கு மதிய ஷிப்ட். காலையில் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வரை ஒரு வேலையாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கூட்டத்தில் தடுமாறியதால் அவருடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எல்லாரும் செய்வதுதானே. எல்லைச் செக்போஸ்ட் தாண்டி ஒரு நிறுத்தம் வந்தது. அந்த அம்மாள் பையின் காதில் கையை வைத்து, "பிடி, பிடி" என்றார்.

சரி, விழுந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அய்யோ, பிடி! இளீபேக்கு, பிடி!" என்று அவர் இழுக்க, "பிடிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்!" என்று நானும் இழுக்க, கண்டக்டர் விசிலடிக்க, பஸ்ஸே எங்களைப் பார்த்தது. எனக்குக் கோபம் தலைக்கேறி, "உதவி செஞ்சா இழுக்குதியளே, இது என்ன அநியாயம்?" என்று ஆரம்பித்துவிட்டேன். பின் சீட்டில் இருந்த ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, அவங்க எறங்கணும். பையை விடச் சொல்றாங்க. கன்னடத்துல பிடின்னா விடுன்னு அர்த்தம்."

கை தானாக விட்டுவிட்டது. அந்த அம்மாள் பையைப் பிடுங்கிக்கொண்டு திட்டியபடியே இறங்கிப் போனார். பஸ் கிளம்பியது. நான் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்து, "அப்போ பிடிச்சுக்கோன்னு சொல்ல நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். "கன்னடத்துல 'இடி' மாதிரி சொல்வாங்க. 'ஹிடி'ன்னு. தமிழ்ல நாங்க புடின்னுவோம். பிடின்னு யாரு சொல்றா இங்க?" என்றார்.

யார் சொல்கிறார்? நான் சொல்கிறேன். ஓசூரில் அத்தனை பேரும் புடி என்கிறபோது, எங்கள் ஊர்ப் பேச்சை ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன் என்று மூன்று வருடம் வீம்பு பிடித்த நான் ஒருத்திதான் பிடி என்கிறேன். மோட்டார் இரைச்சலில், நான் எப்போது விடச் சொல்வேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவளுக்கு, தாய்ப் பாஷையில் விடு என்று கேட்டிருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் செய்தாள்.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, எதிர்ப் பஸ் ஏறி நேரே கம்பெனிக்குப் போனேன். கோட்டு இல்லாமல் வந்ததற்குக் கேட்டில் நிறுத்தினார்கள். அவர்களிடமும் ஒரு சண்டை. உள்ளே போய் இன்சார்ஜிடம், "சார், அந்தத் தாளைக் கொடுங்க, மாத்தி எழுதணும்" என்றேன்.

"அது க்ளோஸ் ஆன பேப்பர்மா. கஸ்டமருக்கே போயாச்சு."

"நான் எழுதினதுதானே சார்? அது பொய்ன்னு நானே சொல்லுதேன்லா?"

"நீங்களே உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க. புது லைனுக்குப் போற நேரத்துல இது தேவையா? போனவ போயிட்டா, விடுங்க."

போனவ போயிட்டா! எட்டு வருடம் உழைத்தவளைப் பற்றி! அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேசையிலிருந்த வெற்றுத் தாளை நானே உருவிக்கொண்டேன். நின்றபடியே எழுதினேன். விமானம் ஏன் விழுந்தது? இறக்கை கழன்றது. ஏன் கழன்றது? ஒரு திருகு போடவில்லை. ஏன் போடவில்லை? நான் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறந்தேன். அப்படியிருந்தும் ஏன் பறக்கவிடப்பட்டது? நான் பிடி என்று கத்தினேன், அது அவளுக்கு விடு என்று கேட்டது. ஐந்தாவது கட்டம் வந்தது. இதெல்லாம் ஏன் அன்றைக்கே தெரியவில்லை? பேனா அங்கே நின்றுவிட்டது. கடைசியில் "நான் அவளை எதுவும் கேட்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நகல் எடுத்து ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சண்டை போட்டுக் கொடுத்தேன்.

புது லைன் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். எடுக்கட்டும். அவளுக்கு என்ன செய்வீர்கள் என்று தினமும் போய் நின்றேன். ஒரு வாரம் கழித்து, வேண்டுமானால் வரச் சொல்லுங்கள், புது ஆளாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வண்டியில் தளி ரோட்டுக்குப் போனேன். அவள் அங்கே ஒரு ரோஜாப் பண்ணையில், பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைக்குள், பூக்களை அளவு பார்த்து வெட்டி அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். கை முழுக்க முள் கீறல். என்னைப் பார்த்ததும் அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "வாங்கக்கா" என்றாள்.

பஸ்ஸில் நடந்ததை, அந்த வார்த்தையை, எல்லாவற்றையும் கொட்டினேன். "பிடி... பிடி..." என்று இரண்டு தடவை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். "அய்யய்யே, இதுக்கா?" என்று சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, பாக்கெட்டில் இருந்த திருகைப் பற்றியும் சொன்னேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"அது எனக்குத் தெரியும்க்கா."

"எப்படிட்டி?"

"கீழ கெடந்த றெக்கையை நான்தானே பொறுக்கினேன்? ஒரு ஓட்டை திருகோட பிச்சிக்கிட்டு வந்திருந்துச்சு, இன்னொண்ணு கிழியாம அப்படியே இருந்துச்சு. அந்தத் தாள்ல கையெழுத்துப் போடறப்பகூட உங்க மூஞ்சியைப் பாத்தேன். நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

அடுத்த அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லாதன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டீங்களே. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னா எவன் நம்புவான்?" அப்போதுதான் அவள் குரல் ஏறியது. "வார்த்தை மாறிப் போனதுக்கு எனக்குக் கோவம் இல்லக்கா. அது ரெண்டு பேருக்கும் தெரியாது. எட்டு வருசத்துல ஒரு பீஸ் தப்பானாலும் நானே எடுத்துட்டுப் போய் ஒத்துக்கிட்டவ நான். பக்கத்து மேசையில இருந்து பாத்துட்டேதானே இருந்தீங்க? பாத்தும் என்னைப் பொய்க்காரின்னீங்க. அதான் இன்னும் எரியுது."

புது ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். "எட்டு வருசத்தை அழிச்சிட்டா? நான் வரலக்கா. வேணும்னா அவங்க வந்து பூ கட்டட்டும்" என்றாள். மேஸ்திரி கூப்பிட்டார், அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இன்றும் அந்தக் கம்பெனியில் பழைய லைனில்தான் இருக்கிறேன். எட்டு வருடத்தை ஒரு கார்டோடு அழித்துவிட்டவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். ஆனால் அவர்கள் கையில் அந்தத் தாளைக் கொடுத்தது நான். கன்னடம் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், தப்புத் தப்பாகப் பேசுவேன், சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கோபம் குறைந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், பிறவிக் குணம். கத்தத்தான் செய்கிறேன். கத்தி முடித்ததும் எதிரில் நிற்பவரிடம், "நான் சொன்னது உனக்கு என்னன்னு கேட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகியிருக்கிறேன். இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன். முதலில் கேட்டிருக்க வேண்டியவள் மட்டும் எங்கள் லைனில் இல்லை.